‘அவரையும் அழைத்து வாருங்கள்!’

இந்த விஷயத்தைப் பெண்கள் படிக்கிற பத்திரிகையில் எழுதலாமா என்று எங்க வீட்டுக்காரரே முதலில் முகம் சுளித்தார். “ஊறுகாய், வடாம் என்று ஏதாவது எழுதேன், இதெல்லாம் உனக்கெதற்கு?” என்றார். “குழந்தை இல்லையென்றால் ஊர்ப் பேச்சை வாங்கிக் கட்டிக்கொள்கிறவள் பெண்தானே? அப்புறம் பெண்கள் பத்திரிகையில் எழுதாமல் வேறெங்கே எழுதுவது?” என்று கேட்டேன். அதற்கு மேல் அவர் பேசவில்லை. ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கதையில் அவர் செய்த உதவி பெரிது. அது பின்னால் வருகிறது.

கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகிறது, ஏன் இன்னும் விசேஷமில்லை என்று கேட்க ஆரம்பிக்கும்போதே நம் வீடுகளில் எல்லோருடைய கண்ணும் பெண்ணின் வயிற்றைத்தான் பார்க்கிறது. அவள் கோயிலுக்குப் போக வேண்டும், அவள் விரதம் இருக்க வேண்டும், அவள் ஸ்கேன் எடுக்க வேண்டும், அவள் மாத்திரை சாப்பிட வேண்டும். பிள்ளையைப் பெற இரண்டு பேர் வேண்டும் என்பது மட்டும் யாருக்கும் ஞாபகம் வராது. குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேர் விஷயத்தில் ஆணிடமும் ஏதோ ஒரு குறை இருக்கிறது என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. சிலரிடம் ஆணிடம் மட்டும், சிலரிடம் இருவரிடமும். அந்தக் குறைகளில் ஒன்றுதான் கிருமியால் வருகிற நோய். எல்லாவற்றிலும் அதிகமான காரணம் இது அல்ல. ஆனால் வேளையோடு பார்த்தால் மருந்தாலேயே குணப்படுத்தக்கூடிய காரணம். அதனால்தான் இதை எழுதத் தோன்றியது.

என் நாத்தனார் மகளுக்கு 2017-ல் கல்யாணம் ஆனது. நல்ல பையன், ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிற வேலை. குடி, சீட்டு எதுவும் கிடையாது. இரண்டு வருஷம் பார்த்துவிட்டு மாமியார் வீட்டில் ஆரம்பித்தார்கள். திருக்கருகாவூருக்குப் போய் நெய் வாங்கி வந்து சாப்பிட்டாள். தப்பில்லை, நானும்தான் கூடப் போனேன். அரசமரம் சுற்றினாள். அப்புறம் டாக்டர்கள். மாதாமாதம் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று மருந்து செலுத்தி எக்ஸ்ரே. அந்த எக்ஸ்ரே எடுத்த அன்றைக்கு அவள் வலியில் துடித்ததைப் பார்த்து நாத்தனார் அழுதுவிட்டார். அதற்கும் மேலே வயிற்றில் துளை போட்டுப் பார்க்கிற சோதனை ஒன்று. எல்லாவற்றிலும் ‘நார்மல்’ என்றுதான் வந்தது. நாலு வருஷம், இரண்டு ஆஸ்பத்திரி, கழுத்தில் கிடந்த சங்கிலி அடகுக்குப் போனது. இத்தனைக்கும் நடுவில் மாப்பிள்ளைக்கு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, எந்தச் சோதனையும் எடுக்கவில்லை. கேட்டீர்களா அக்கிரமத்தை!

2022 பிப்ரவரியில் நானே அவளை வேறொரு டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். ஃபைலைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு போனோம். அந்த அம்மாள் ஃபைலைத் திறக்கவே இல்லை. “இவர் வீட்டுக்காரர் எங்கே?” என்றார். கடைக்குப் போயிருக்கிறார் என்றோம். “அவருடைய ரிப்போர்ட்?” நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். “சரி, அடுத்த தடவை அவரையும் அழைத்து வாருங்கள். அதுவரை இந்தப் பொண்ணுக்கு நான் ஒரு மாத்திரைகூட எழுத மாட்டேன்” என்று ஃபைலை அப்படியே தள்ளி வைத்துவிட்டார். ஃபீஸும் வாங்கவில்லை.

மாப்பிள்ளையிடம் இதை யார் சொல்வது? பொண்ணு சொன்னாள், அன்றைக்கு இரவு அவர் சாப்பிடாமலே படுத்துவிட்டார். “எனக்கு என்ன குறை? நான் ஆம்பளை இல்லையா?” என்று கேட்டாராம். பாருங்கள், இங்கேதான் முடிச்சு இருக்கிறது. ஆண்மை வேறு, உயிரணு வேறு. தாம்பத்தியத்தில் ஒரு குறையும் இல்லாத மனிதருக்கும் உயிரணுக்கள் குறைவாக இருக்கலாம், இல்லாமலே கூட இருக்கலாம். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. விந்துவைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். இதை ஒரு பெண் தன் புருஷனுக்கு எடுத்துச் சொல்வது கஷ்டம். மாமியார் சொன்னால் இன்னும் விபரீதம். எங்க வீட்டுக்காரர்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், “வாங்க மாப்பிள்ளை, ஒரு டீ சாப்பிட்டுட்டு வரலாம்” என்று வெளியே கூட்டிக்கொண்டு போனார். என்ன பேசினாரோ, இன்றுவரை என்னிடம் சொன்னதில்லை. மறுநாள் காலை மாப்பிள்ளை லாபுக்குப் போய்விட்டார். இப்படிப்பட்ட காரியத்துக்கு வீட்டில் ஒரு மாமாவோ, பெரியப்பாவோ, விவரம் தெரிந்த சிநேகிதரோ வேண்டும்.

ரிப்போர்ட் வந்தது. ஒரு மில்லி விந்தில் 90 லட்சம் உயிரணுக்கள் என்று இருந்தது. நாங்கள் ‘ஆகா, அவ்வளவா!’ என்று மகிழ்ந்தோம். டாக்டரம்மா சிரித்தார். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட அளவுப்படி 1 கோடியே 60 லட்சத்துக்குக் குறைந்தால் குறைவு என்று வைத்துக்கொள்கிறார்களாம். அசைகிற அணுக்கள் நூற்றுக்கு 42 இருக்க வேண்டிய இடத்தில் இவருக்கு 18 தான். (இந்த அளவுக்குக் கீழே இருந்தால் குழந்தையே பிறக்காது என்று அர்த்தமில்லை, கஷ்டம் என்றுதான் அர்த்தம் என்றும் சொன்னார்.) கடைசி வரியில் ‘பஸ் செல்ஸ் நிறைய’ என்று இருந்தது. பஸ் செல்ஸ் என்றால் சீழ் அணுக்கள். உள்ளே எங்கோ கிருமி இருக்கிறது, அதோடு சண்டை போட வந்த வெள்ளை அணுக்கள் அவை என்றார்.

இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. முதிராத உயிரணுக்களும் பூதக்கண்ணாடியில் உருண்டையாகத்தான் தெரியுமாம். சாயம் போட்டுப் பார்த்தால்தான் எது வெள்ளை அணு, எது முதிராத அணு என்று பிரிக்க முடியும். ஒரு மில்லிக்கு 10 லட்சத்துக்கு மேல் வெள்ளை அணு இருந்தால்தான் அதிகம் என்று கணக்கு. ஆகவே ரிப்போர்ட்டில் ‘பஸ் செல்ஸ்’ என்று பார்த்ததும் மருந்துக் கடைக்கு ஓட வேண்டாம். டாக்டரம்மா இவரை யூராலஜி டாக்டரிடம் அனுப்பினார். அவர் விந்தையும் சிறுநீரையும் ‘கல்ச்சர்’ வைக்கச் சொன்னார். கல்ச்சர் என்றால் வேறொன்றுமில்லை. நாம் பாலுக்கு உறை ஊற்றி வைக்கிறோமே, அதுபோல அந்தக் கிருமியை வளர்த்து, அது இன்னது, எந்த மருந்துக்குச் சாகும் என்று பார்ப்பது. இவருக்கு வந்தது ஈ.கோலை என்கிற கிருமி. நம் எல்லோர் குடலிலும் இருக்கிற, பெண்களுக்கு அடிக்கடி நீர்க்கடுப்பு உண்டாக்குகிற அதே கிருமிதான்.

“முன்னால் எப்போதாவது காய்ச்சலோடு விரை வீங்கி வலித்ததா?” என்று அந்த டாக்டர் கேட்டபோதுதான் மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னாராம். 2019-ல் ஒருமுறை நீர் கழிக்கும்போது எரிச்சல், குளிர்க்காய்ச்சல், ஒரு பக்கம் வீக்கம். வெட்கத்தில் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி, இரண்டு நாள் போட்டு, வலி குறைந்ததும் மீதியை எறிந்துவிட்டார். மூன்று வருஷம் முந்தைய அந்த இரண்டு நாள் மாத்திரையால் வந்த வினை!

உள்ளே என்ன நடக்கிறது என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார். நான் புரிந்துகொண்ட மாதிரி சொல்கிறேன். உயிரணு ஒன்று விரையில் உருவாகி முடிய 70 நாட்களுக்கு மேல் ஆகிறது. அப்புறம் விரையின் மேல் சுருண்டு கிடக்கிற ஒரு குழாய்க்குள் போகிறது. நூல் மாதிரி மெல்லிய குழாய். சுருளை நீட்டினால் சுமார் 6 மீட்டர், நாம் கட்டுகிற சேலையைவிடக் கொஞ்சம் நீளம்! அந்தக் குழாயில் ஊர்ந்து வரும்போதுதான் உயிரணு நீந்தவே கற்றுக்கொள்கிறதாம். கிருமி நீர்ப்பாதை வழியாக மேலேறி இந்தக் குழாயில் போய் உட்கார்ந்தால் வீக்கம். ஆறும்போது தழும்பு விழும். இத்தனை மெல்லிய குழாயில் தழும்பு விழுந்தால் அடைப்புத்தான். இரண்டு பக்கமும் அடைத்துவிட்டால் விரை உயிரணுவைத் தயாரித்துக்கொண்டே இருக்கும், ஒன்றுகூட வெளியே வராது.

அடைக்காவிட்டாலும் கெடுதல் உண்டு. ஈ.கோலை உயிரணுக்களோடு ஒட்டிக்கொண்டு அவற்றைக் கொத்துக் கொத்தாகப் பிணைத்துவிடும். நீந்த முடியாது. அதோடு, கிருமியைக் கொல்ல வந்த வெள்ளை அணுக்கள் கக்குகிற ரசாயனம் உயிரணுவின் மேல்தோலையும் உள்ளே இருக்கிற மரபுச் சரட்டையும் சேதப்படுத்துகிறது. களைக்கொல்லி அடிக்கப் போய்ப் பயிரும் கருகுகிற கதை. இன்னும் சிலருக்கு வீக்கத்துக்குப் பிறகு உடம்பே தன் உயிரணுவை எதிரி என்று நினைத்து எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கிக்கொள்ளுமாம்.

சிறுநீர்ப் பைக்குக் கீழே பிராஸ்டேட் என்று ஒரு சுரப்பி இருக்கிறது, கிருமிகள் ஒளிந்துகொள்ள நல்ல இடம். மருந்து சுலபமாக அதற்குள் நுழையாது. அதனால் அங்கே கிருமி தங்கிவிட்டால் நாலு வாரம், ஆறு வாரம் என்று மாத்திரை சாப்பிட வேண்டியிருக்கிறது. மாப்பிள்ளைக்கும் அப்படித்தான் கொடுத்தார்கள். நாள் தவறாமல் சாப்பிடுகிறாரா என்று பொண்ணு காலண்டரில் பெருக்கல் குறி போட்டு வந்தாள்.

இந்த இடத்தில் ஒரு முக்கியமான சங்கதி. டாக்டர் ‘கிருமி’ என்று சொன்ன அன்றைக்கே பொண்ணு என்னிடம் வந்து, “அத்தை, அவர் வெளியே எங்காவது போய்ட்டு வந்திருப்பாரோ?” என்று கண் கலங்கினாள். எந்தப் பெண்ணுக்கும் வருகிற சந்தேகம்தான். டாக்டரம்மாவிடமே கேட்டுவிட்டோம். அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். “ஈ.கோலை தன் உடம்பிலிருந்தே வருவது. அதற்கு நடத்தையைச் சந்தேகப்படக் கூடாது. நடுவயசுக்காரர்களுக்கு விரைக்குழாய் வீக்கம் வந்தால் பெரும்பாலும் இந்த மாதிரி நீர்ப்பாதைக் கிருமிதான் காரணம். ஆனால் வெட்டை நோய்க் கிருமியும், கிளமிடியா என்கிற கிருமியும் உடலுறவால் தொற்றுபவை. வாலிப வயசில் வருகிற வீக்கத்துக்கு இவை காரணமாவது அதிகம். அப்படியே அது வந்திருந்தாலும், எப்போது வந்தது, யாரிடமிருந்து யாருக்கு என்று ரிப்போர்ட் சொல்லாது. கிளமிடியா மாதக்கணக்கில், சில சமயம் அதற்கு மேலும், ஒரு தொந்தரவும் காட்டாமல் இருக்கும். வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு மருந்தை விட்டுவிடாதீர்கள், முதலில் இரண்டு பேரும் மருந்து சாப்பிடுங்கள்” என்றார்.

இரண்டு பேரும் என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். கிளமிடியா வந்த ஆண்களில் சுமார் பாதிப் பேருக்கும், பெண்களில் அதைவிட அதிகமானவர்களுக்கும் ஓர் அறிகுறியும் தெரிவதில்லை. ஒருவருக்கு மட்டும் மருந்து கொடுத்தால் மற்றவரிடமிருந்து திரும்ப வந்துவிடும். மருந்து முடிந்து டாக்டர் சரி என்று சொல்லும்வரை விலகி இருக்க வேண்டும். இதில் பெண்ணுக்குத்தான் நஷ்டம் அதிகம். இந்தக் கிருமிகள் கர்ப்பப்பை வழியாக ஏறிக் கருக்குழாயை அடைத்துவிடும், கரு குழாயிலேயே தங்கிவிடுகிற ஆபத்தும் உண்டு. அப்புறம் ‘பொண்ணுக்குக் குழாய் அடைப்பு’ என்று பெயர் கட்டிவிடுவார்கள். அந்த அடைப்பு எங்கிருந்து வந்தது என்று யார் கேட்கிறார்கள்?

ஒருவர் கேட்டார். என் மகள் நர்சிங் படிக்கிறாள், அவளும் நானும் தேடிப் படித்ததில் கிடைத்தது இது. நியூயார்க்கில் எமில் நோகெராத் என்று ஒரு டாக்டர். 1872-ல் அவர் ஒரு புத்தகம் எழுதினார். கல்யாணத்துக்கு முன் வெட்டை நோய் வந்து, குணமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிற கணவனிடம் அந்த நோய் ஒளிந்திருக்கிறது, மனைவி சீக்காளியாகவும் மலடியாகவும் ஆவதற்கு அதுவே காரணம் என்று சொன்னார். அந்தக் காலத்து மருத்துவர்கள் பலர் ஒப்புக்கொள்ளவே இல்லை. ஏழு வருஷம் கழித்து, 1879-ல், ஜெர்மனியில் ஆல்பர்ட் நைசர் என்பவர் அந்தக் கிருமியைப் பூதக்கண்ணாடியில் கண்டுபிடித்த பிறகுதான் விஷயம் தெளிந்தது.

இன்னொரு வேடிக்கையும் சொல்லாமலிருக்க முடியவில்லை. ஆணின் உயிரணுவை முதன்முதலில் பார்த்தது 1677-ல், ஹாலந்து தேசத்து டெல்ஃப்ட் நகரத்தில். லேவன்ஹூக் என்கிற துணி வியாபாரி சொந்தமாகக் கண்ணாடி தேய்த்துப் பூதக்கண்ணாடி செய்து வைத்திருந்தார். மருத்துவம் படிக்கிற மாணவன் ஒருவன் வெட்டை நோய்க்காரர் ஒருவரின் விந்தைக் கொண்டுவந்து காட்டினான். அதில் வால் வைத்துக்கொண்டு நெளிகிறவை அந்த நோயால் உண்டானவை என்று அவன் நினைத்தான். பிறகு லேவன்ஹூக் நோயில்லாத விந்தையும் பார்த்து, அதிலும் அவை இருப்பதைக் கண்டார். கிருமியும் உயிரணுவும் மனுஷர் கண்ணில் படும் முன்பே ஒன்றாகத்தான் குடித்தனம் செய்திருக்கின்றன!

சரி, வீட்டுக்கு வருவோம். சோதனைக்கு விந்து கொடுப்பதைப் பற்றி யாரும் விவரமாகச் சொல்வதில்லை; லாபில் இருக்கிற பையன் டப்பாவை நீட்டிவிட்டுப் போய்விடுகிறான். இரண்டு நாளுக்குக் குறையாமலும் ஏழு நாளுக்கு மேற்படாமலும் உறவு இல்லாமல் இருந்துவிட்டுக் கொடுக்க வேண்டும். முதலில் சிறுநீர் கழித்து, கையையும் உறுப்பையும் கழுவிவிட்டு, லாபில் தரும் டப்பாவிலேயே முழுவதையும் பிடிக்க வேண்டும். முதலில் வருகிற துளிகளில்தான் உயிரணு அதிகம். அது சிந்திவிட்டால் மறைக்காமல் லாபில் சொல்லிவிட வேண்டும். சாதாரண ஆணுறையில் பிடித்துக் கொண்டுபோகக் கூடாது, அதிலுள்ள பூச்சு உயிரணுவைக் கெடுத்துவிடும். லாபில் கூச்சமாக இருந்தால், வீடு பக்கத்தில் இருக்குமானால், முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு வீட்டிலேயே எடுத்து ஒரு மணி நேரத்துக்குள் சேர்க்கலாம். டப்பாவைச் சட்டைக்குள் உடம்புச் சூட்டில் வைத்துக்கொண்டு போனால் நல்லது. ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு மறுநாள் கொண்டுபோன புண்ணியவான்களும் இருக்கிறார்களாம்.

ஒரு தடவை சோதனையில் குறைவு என்று வந்தால் இடிந்து போகவும் வேண்டாம். டெங்குவோ டைஃபாய்டோ, நல்ல காய்ச்சல் அடித்து ஓய்ந்த பிறகு இரண்டு மூன்று மாதம் எண்ணிக்கை குறைந்திருப்பது சகஜம். விரை உடம்பைவிடக் கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்க வேண்டிய உறுப்பு. அதற்காகத்தான் கடவுள் வெளியே தொங்கவிட்டிருக்கிறார். காய்ச்சல் சூடு அதற்கு ஆகாது. அதனால் மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் வந்திருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். திரும்ப ஒருமுறை சோதனை செய்து பார்த்துத்தான் முடிவு சொல்வார்கள்.

மாப்பிள்ளைக்கு மருந்து முடிந்து மறுநாளே ரிப்போர்ட் எடுக்கத் துடித்தார் அவர் அம்மா. புது உயிரணு உருவாகி வெளிவர மூன்று மாதம் ஆகும், பொறுங்கள் என்று டாக்டர் தடுத்துவிட்டார். ஜூலையில் எடுத்ததில் சீழ் அணு இல்லை, கல்ச்சரில் கிருமி வளரவில்லை, அசைகிற அணுக்கள் 18-லிருந்து 39-க்கு ஏறியிருந்தது. அக்டோபரில் அவளுக்கு நாள் தள்ளிப் போனது. 2023 ஆனி மாதம் பெண் குழந்தை. இதற்கு ஊசியும் இல்லை, சோதனைக் குழாயும் இல்லை.

எல்லோருக்கும் இப்படி முடிவதில்லை. மருந்து கிருமியைக் கொல்லும். விழுந்துவிட்ட தழும்பை அழிக்காது. எங்கள் தெருவில் ஓர் அம்மாளின் மகன். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துச் சோதனை செய்தபோது ஓர் உயிரணுகூட இல்லை. விரையருகே வலியே இல்லாத ஒரு வீக்கம் ரொம்ப நாளாக இருந்திருக்கிறது. தடவிப் பார்த்த டாக்டருக்கு விந்துக் குழாய் மணி கோத்த மாதிரி முடிச்சு முடிச்சாகத் தட்டுப்பட்டதாம். காசநோய்! நாம் காசம் என்றால் நெஞ்சில் இருமல் என்றுதான் நினைக்கிறோம். அது விரைக்குழாயிலும் வரும், பெண்ணின் கருக்குழாயிலும் வரும். நம் நாட்டில் இதை மறக்கவே கூடாது. சிறுநீரில் சீழ் அணு இருக்கும், ஆனால் சாதாரணக் கல்ச்சரில் ஒரு கிருமியும் வளராது. அப்படி வந்தால் காசத்தைச் சந்தேகிக்க வேண்டும். அரசாங்கத்தில் இதற்கு மருந்து இலவசம். ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டும். அவர் சாப்பிட்டார், நோய் குணமானது. ஆனால் இரண்டு குழாயும் அடைத்தது அடைத்ததுதான். விரையிலிருந்து ஊசியால் உயிரணுவை எடுத்து, ஒன்றைப் பொறுக்கி முட்டைக்குள் நேரே செலுத்துகிற முறை 1992 முதல் உலகில் இருக்கிறது. அதையும் செய்தார்கள். லட்சக்கணக்கில் செலவு. முதல் தடவை நிற்கவில்லை. அந்தப் பெண் என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போகிறாள், அவள் என்ன தப்புச் செய்தாள்? ஏழு வருஷத்தில் முதல் வருஷமே அந்த வீக்கத்தை யாராவது ஒரு டாக்டரிடம் காட்டியிருந்தால் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

ஒரு வருஷம் கருத்தடை எதுவும் இல்லாமல் சேர்ந்து வாழ்ந்தும் உண்டாகவில்லை என்றால் இரண்டு பேரும் சேர்ந்து போக வேண்டும். பெண்ணுக்கு 35 வயசு தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே. பெண்ணுக்கு வலிக்கிற சோதனைகளைச் செய்யும் முன் ஆணுக்கு இந்த வலியில்லாத சோதனையைச் செய்துவிடுவதுதானே நியாயம்? பணமும் இதற்குத்தான் குறைவு. பால்வினை நோய் ஏதாவது இருக்குமோ என்று சந்தேகமாக இருந்தால் அரசு மாவட்ட மருத்துவமனைகளில் அதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது, ‘சுரக்ஷா கிளினிக்’ என்று பெயர். இலவசம், விஷயத்தை வெளியே சொல்ல மாட்டார்கள்.

போகக் கூடாத இடமும் ஒன்று உண்டு. மாதத்தில் இன்ன தேதி இன்ன ஊர் லாட்ஜில் இன்ன அறை என்று சுவரில் போஸ்டர் ஒட்டுகிற ‘ஆண்மை’ வைத்தியர்கள். கல்ச்சரும் இல்லை, பூதக்கண்ணாடியும் இல்லை, நாடி பிடித்துப் பார்த்து ஆயிரக்கணக்கில் லேகியம். உள்ளே கிருமி பாட்டுக்குத் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். உடம்பு ஏற்றுவதற்காக ஜிம்மில் சில பையன்கள் ஆண் ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்கிறார்களே, அது உயிரணு உற்பத்தியை நிறுத்தியே விடும் என்று டாக்டர் சொன்னார். கிருமிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் பிள்ளை பெற்றவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

ஆண் குழந்தை வைத்திருக்கிற இளம் தாய்மார்களுக்கு இரண்டு விஷயம். பொன்னுக்கு வீங்கி, சில ஊரில் புட்டாளம்மை என்பார்கள், அதனால் மலட்டுத்தன்மை வரும் என்று பாட்டிமார் பயமுறுத்துவார்கள். அது பாக்டீரியா இல்லை, வைரஸ், ஆன்டிபயாடிக் கேட்காது. சின்னப் பிள்ளைக்கு வந்தால் விரையைத் தாக்குவது அபூர்வம். வயசுக்கு வந்த பையனுக்கோ, கல்யாணமான ஆணுக்கோ வந்தால் விரை வீங்கலாம், சுருங்கவும் செய்யலாம். ஆனாலும் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் பாதிக்கும், அடியோடு மலடாவது குறைவு. எம்.எம்.ஆர். ஊசி இதற்குக் காப்பு. உங்கள் பிள்ளைக்குப் போட்டாயிற்றா என்று குழந்தைகள் டாக்டரிடம் அட்டையைக் காட்டிக் கேளுங்கள்.

இரண்டாவது, பள்ளிக்கூடம் போகிற பையன் திடீரென்று ஒரு பக்க விரை வலிக்கிறது என்று அழுதால், கூடவே வாந்தி எடுத்தால், ‘கிருமியாக இருக்கும், காலையில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று இருந்துவிடாதீர்கள். விரை முறுக்கிக்கொண்டு ரத்த ஓட்டம் நின்றிருக்கலாம். சுமார் ஆறு மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்து முறுக்கை எடுத்துவிட்டால் காப்பாற்றலாம், நேரம் போகப் போக விரை அழுகிவிடும். ராத்திரி இரண்டு மணியானாலும் சரி, பையன் வெட்கப்பட்டாலும் சரி, அப்போதே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.